உம்மாவின் நடுக்கல்

எங்கள் பக்கத்தில் ஆணைப் புதைத்த கபருக்கு இரண்டு கல், பெண்ணுக்கு மூன்று. பெயர் எழுதுவதில்லை. என் உம்மா ரய்யா தன் மூன்று கற்களையும் பதினொரு வருடம் முன்பே தேர்ந்து வைத்தார்.

காரணம் நான். நிலவியல் படித்து வந்த முதல் விடுமுறையில், ஸமாயில் ஊரில் எங்கள் வீட்டுச் சமையலறையில் வகுப்பெடுத்தேன். உருகிய பாறைக் குழம்பு ஆறி இறுகினால் ஒரு வகைக் கல். மண்ணும் சிப்பியும் படிந்து இறுகினால் இன்னொரு வகை. எதுவானாலும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருகாமலே மாறினால் மூன்றாவது.

உம்மா பேரீச்சம்பழத்தில் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார். "குழம்புல வந்தது என் மாமியாரு. இன்னும் ஆறல. படிஞ்சு கெடக்கறது உங்க வாப்பா."

"மூணாவது?"

"நான்தான். இந்த வூட்டுக்கு வந்து ஒரு வருசத்துல என் அக்காவுக்கே என்னை அடையாளம் தெரியல."

அறிவியலும் அவர் கட்சிதான். எங்கள் மலை ஒரு காலத்தில் கடலடித் தரை. சூடாக நகர்ந்து வந்து மற்ற பாறைகள்மேல் ஏறியது. அடியில் சிக்கிய எரிமலைக் கல் வரிவரியாக மாறிப்போனது. சொன்னேன்.

"மேல ஏறுனது எவ்வளவு கனம்?"

"பத்து கிலோமீட்டருக்கு மேல."

"கொறச்சு சொல்றே."

எல்லாப் பாறையும் தேய்ந்து மணலாகி மறுபடி படியும் என்றேன்.

"அப்ப மாமியாரு மணலா வந்து என் சோத்துல விழுவாங்களா?"

"சில கோடி வருசத்துல."

"அவ்வளவு நாள் பொறுக்க மாட்டாங்க."

மறுநாள் வாதியில், வறண்ட ஆற்றுப்படுகையில், இறங்கி மூன்று கல் பொறுக்கினோம். கறுப்புப் புள்ளிக்கல், சிப்பிச் சுண்ணாம்புக்கல், வரிக்கல்.

"நான் போனா இதத்தான் வைக்கணும். தலமாட்டுல வாப்பா, நடுவுல நான், கால்மாட்டுல மாமியாரு."

"ஏன் கால்மாட்டுல?"

"ஒதைக்க வசதி."

வைப்பதாக வாக்குக் கொடுத்தேன்.

போன செவ்வாய் காலை உம்மா போய்விட்டார். மாலை அஸர் தொழுகைக்கு முன் அடக்கம். கறுப்புக்கல் ஆட்டுப்பட்டிக் கதவை முட்டுக்கொடுத்துக் கிடந்தது. சுண்ணாம்புக்கல் எலுமிச்சை ஊறுகாய் ஜாடிமேல். வரிக்கல்லைக் காணோம். கோழிக்கூட்டுக்குள்ளும் தலையை விட்டுத் தேடினேன். கோழி கொத்தியது.

கபரில் மண் தள்ளி முடித்தார்கள். தலைமாடும் கால்மாடும் ஆயின. நடு காலி. வாப்பாவின் தம்பி ஹுமைத் சாச்சா ஒரு வெள்ளைக் கல்லை நீட்டினார்.

"கல்லுதானேடா. வை."

"இது உம்மா இல்ல, சாச்சா."

சாச்சா கல்லைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். வெள்ளைக் கல்லைக் கீழே போட்டார்.

அப்போதுதான் சரிவில் நின்ற வாப்பாவின் பிக்கப் கண்ணில் பட்டது. பின்சக்கரத்தின் அடியில் வரிவரியாக ஒரு கல்.

"வாப்பா, சக்கரத்துக்கு அடியில உம்மா."

"ஹேண்ட்பிரேக் போயி அஞ்சு வருசமாச்சு. அவதான் புடிச்சிட்டிருந்தா," என்றார் வாப்பா.

உருவினேன். பதிலுக்கு வேறு கல் வைக்க வேண்டுமென்று, கற்களுக்கு நடுவே நின்ற நிலவியலாளனுக்குத் தோன்றவில்லை. பிக்கப் அவசரமில்லாமல் இறங்கியது. நாலு பேர் ஓடினார்கள். சாச்சாவின் ஒரு செருப்பு பின்தங்கியது. வண்டி முள்மரத்தில் மோதி நின்று புகைந்தது.

"தெனம் நடங்க நடங்கன்னு உயிர வாங்குவா," என்றார் வாப்பா. "இன்னைக்கு நடக்க வச்சுட்டா."

வரிக்கல்லை நடுவில் ஊன்றினேன். கால்மாட்டுப் பக்கம் கொஞ்சம் சாய்ந்தது. நிமிர்த்தக் குனிந்த சாச்சாவின் கையை வாப்பா பிடித்தார்.

"விடு. ஒதைக்க எட்டணும்ல."