இன்குபேட்டருக்குள் எலுமிச்சைப் புல் வாசனை

தொண்ணூறுகளின் பிற்பாதியில் நான் கொல்கத்தாவில் எம்.எஸ்ஸி. நுண்ணுயிரியல் படித்துக்கொண்டிருந்தேன். அப்பாவுக்குத் துறைமுகத்தில் வேலை. கிடர்பூர் குவார்ட்டர்ஸில் வீடு. கடைசி வருட ப்ராஜெக்டாக எனக்கு எலுமிச்சைப் புல் எண்ணெய் கிடைத்தது. அதில் என்னென்ன வேதிப்பொருள்கள் இருக்கின்றன, அது கிருமிகளைத் தடுக்குமா என்று பார்க்க வேண்டும். எங்கள் மேடம் என்னை ஒரு சீனியர் ஆராய்ச்சி மாணவியிடம் ஒப்படைத்தார்.

முதலில் எல்லோரையும் போல நானும் அவரை "தீதி" என்றுதான் கூப்பிட்டேன், பேச்சும் வங்க மொழியில்தான். ஒருநாள் சூடான குடுவை கையில் பட்டு, "ஐயோ அம்மா, சுட்டுடுச்சே" என்று தமிழில் கத்தினார். அன்றிலிருந்து அவர் எனக்கு அக்கா. கணவருக்கு மத்திய அரசு வேலை. சால்ட் லேக்கிலிருந்து பஸ்ஸில் வருவார்.

நறுக்கிய புல்லைத் தண்ணீரோடு கொதிக்கவைத்தால், எண்ணெய் ஆவியோடு ஏறிக் குளிர்ந்து கண்ணாடிக் குழாயில் மஞ்சளாக மிதக்கும். அந்த நேரத்தில் அக்கா வராந்தாவுக்குப் போய்விடுவார். ஒரு மத்தியானம் தேடிப் போனபோது பாத்ரூமில் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தார்.

"உடம்பு சரியில்லையா அக்கா?"

"உண்டாயிருக்கேன். யார்கிட்டயும் சொல்லாத."

"மேடம்கிட்டயாவது சொல்லலாமே?"

"வேண்டாம்டி. போன தடவை சந்தோஷத்துல எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன். கலைஞ்சதுக்கப்புறம் ஒவ்வொருத்தரா வந்து விசாரிச்சாங்க. மறுபடி பதில் சொல்ல எனக்குத் தெம்பு இல்ல."

அதன்பிறகு எண்ணெய் தொடர்பான வேலை முழுவதையும் நானே எடுத்துக்கொண்டேன்.

எண்ணெய் ரெடியானதும் சோதனை தொடங்கியது. கிருமி பரப்பிய தட்டின் நடுவில் எண்ணெய் தோய்த்த சிறு காகித வட்டை வைத்து, இன்குபேட்டர் பெட்டியின் இளஞ்சூட்டில் விட்டோம். எண்ணெய் வேலை செய்தால் வட்டைச் சுற்றிக் கிருமி வளராது. ஒப்பிடுவதற்காக எண்ணெயே இல்லாத தட்டுகளும் வைப்போம்; அவற்றில் கிருமி தட்டு முழுக்கப் படர வேண்டும். ஆனால் அவற்றிலும் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் வளர்ந்தது. புதிய கிருமி வாங்கிப் போட்டும் அப்படியேதான். அக்டோபரில் வரும் துர்கா பூஜை விடுமுறைக்குள் முடிக்காவிட்டால் இந்த வருடம் சமர்ப்பிக்க முடியாது என்று மேடம் சொல்லிவிட்டார். மேஜையருகிலேயே அழுதுவிட்டேன்.

அக்கா கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தார். "தள்ளு, நான் பாக்கறேன்."

ஒரு தட்டின் மூடியைத் திறந்தவர் முகத்தைச் சுளித்தார். "இதுல எண்ணெய் வச்சியா?"

"இல்லக்கா. வெறும் தட்டு."

"அப்புறம் எப்படி இந்த நாத்தம் அடிக்குது?"

முகர்ந்து பார்த்தேன். எனக்கு ஒன்றுமே தெரியவில்லை. பல வாரமாக அந்த வாசனையிலேயே கிடந்து என் மூக்கு மரத்துப்போயிருந்தது. அக்கா வெளியே ஓடினார். முகம் கழுவிவிட்டுத் திரும்பி வந்தவர், சுவரைப் பிடித்துக்கொண்டே சொன்னார்: "எல்லாத் தட்டையும் ஒரே பெட்டிக்குள்ள வச்சிருக்கோம்ல? எண்ணெயோட ஆவி மூடி இடுக்கு வழியா இதுக்குள்ளயும் வருது. தனியா வச்சுப் பாரு."

பக்கத்துத் துறையில் கெஞ்சி, எண்ணெயில்லாத தட்டுகளை அவர்களுடைய இன்குபேட்டரில் வைத்தேன். மறுநாள் காலையில் கிருமி பாய் விரித்ததுபோலப் படர்ந்திருந்தது. கிருமி வளர்ந்ததற்காக அப்படி ஒரு சந்தோஷம்!

எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று மேடம் கேட்டபோது, உண்டாயிருப்பதால் வாசனை தூக்கலாகத் தெரிகிறது என்ற உண்மையை அக்கா சொன்னார். போன தடவை கலைந்ததையும் சேர்த்தே சொன்னார். மேடம் எழுந்து தன் நாற்காலியை அவர் பக்கம் தள்ளினார்.

"போஷோ. முதலில் உட்கார்," என்றார் வங்க மொழியில். "இனி இந்த அறைக்குள் நீ வரக்கூடாது. எண்ணெயின் ரசாயனப் பகுப்பாய்வு வரைபடங்கள் வரும். மாடியில் உட்கார்ந்து அவற்றைப் பார்."

அக்கா மாடியிலிருந்தபடியே அந்த வரைபடங்களைப் படித்தார். எண்ணெயில் மிகுதியாக இருந்தது எலுமிச்சை வாசனை தரும் சிட்ரால். ஆவியே கிருமியைத் தடுக்கிறது என்பதற்கு என் ப்ராஜெக்டில் தனி அத்தியாயம் ஒதுக்கச் சொன்னார் மேடம். விடுமுறைக்கு முன்பே முடித்துக் கொடுத்துவிட்டேன்.

கோடையில் அக்காவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. சால்ட் லேக் வீட்டுக்குப் பார்க்கப் போனேன். கதவைத் திறந்ததும் குழந்தையை என் கையில் கொடுத்தார்.

"கொஞ்ச நேரம் வச்சுக்கோடி. சூடா ஒரு வாய் சாப்பிட்டுட்டு வந்துடறேன்."

அவர் நிதானமாகச் சாப்பிட்டு முடிக்கும்வரை குழந்தை என் தோளில் தூங்கியது.