நவம்பருக்குள் ஒரு பிரின்டர்

உயிரோடு இருக்கிறவர்களை உயிரோடுதான் இருக்கிறார்கள் என்று நிரூபித்துக் கொடுப்பது என் தொழில்.

சிரிக்காதீர்கள். பென்சன் வாங்குகிறவர்கள் வருடத்துக்கு ஒருமுறை உயிர்ச்சான்று கொடுத்தாக வேண்டும். ராணுவம், தபால், ரயில்வே என்று இருந்தவர்களுக்கு அது நவம்பர் மாதம். எண்பது வயது தாண்டியவர்கள் அக்டோபரிலேயே கொடுக்கலாம். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பிரவுசிங் சென்டரில் பன்னிரண்டு வருடம் உட்கார்ந்து இதைப் பதிந்து கொடுத்தேன். சென்டர் இருந்தது மாடியில். போன நவம்பரில், இடுப்பு ஒடிந்த ஒருவரை பிளாஸ்டிக் நாற்காலியோடு தூக்கிக்கொண்டு படியேறி வந்தார்கள். ஒவ்வொரு படிக்கும் அவர் அலறியது இன்னும் காதில் இருக்கிறது. வீட்டுக்கே போய்ச் செய்து கொடுத்தால் என்ன என்று அன்றைக்குத் தோன்றியது, இந்த ஆகஸ்டில் வேலையை விட்டேன்.

எனக்கு இருப்பது ஒரே சீசன். நவம்பரில் நான்கு பேர் என்னை நம்பிக் கூப்பிட்டால் பிழைத்தேன். இல்லாவிட்டால் பழைய சென்டரிலேயே போய் நிற்க வேண்டும். போய் நிற்பதில்லை என்று நானும் இருந்தேன். ஸ்கூட்டர், லேப்டாப், விரல் ரேகை மெஷின், இவ்வளவுதான் என் சொத்து. பிரின்டர் வேண்டியிருக்கும் என்ற நினைப்பே இல்லை. சாமானைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராக அலைந்து பிழைக்கும் மக்களே, இனி நான் சொல்லப்போவது உங்களுக்குப் புரியும்.

போஸ்ட் மாஸ்டர் வீட்டுக் காபி

அக்டோபர் தொடக்கத்தில் முதல் வீடு, ஊருக்குள்ளேயே மடவார் வளாகத்தில். ஓய்வு பெற்ற போஸ்ட் மாஸ்டர், எண்பத்து மூன்று வயது. விரல் வைத்தார், ரேகை விழுந்தது, ஐந்தே நிமிடத்தில் வேலை முடிந்தது. சான்று எண் அவர் செல்லுக்கே மெசேஜாக வந்துவிட்டது. நான் வெற்றி வீராங்கனை போல நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

அவர் கண்ணாடியைப் போட்டு மெசேஜைப் படித்தார். கழற்றிவிட்டுப் படித்தார். பிறகு என் கைகளைப் பார்த்தார், ஏதாவது வருமா என்று. எல்லாம் ஆன்லைனில் போய்விட்டது, பேப்பர் தேவையே இல்லை என்று நான் விளக்கினேன். உள்ளிருந்து அவர் மனைவி கொண்டுவந்த காபியைக் கை காட்டி நிறுத்திவிட்டு அவர் சொன்னார்: "நாப்பது வருசம் தபால் ஆபீஸ்ல இருந்தவன் நான். பேப்பர் கைக்கு வராம ஒரு காரியம் முடிஞ்சதா பாத்ததே இல்லம்மா. நீ போயி பேப்பரோட வா, பொறவு காபி தாரேன்."

கிழித்து விட்டால் போகும்

மறுநாளே ராஜபாளையத்தில் ஒரு கம்ப்யூட்டர் கடைக்குப் போனேன். ஸ்கூட்டரில் கொண்டுபோகிற மாதிரி சின்னதாக, பிரின்ட், ஸ்கேன், ஜெராக்ஸ் மூன்றும் ஒன்றாக, விலை குறைவாக ஒன்று வேண்டும் என்றேன். விற்பனையாளர் தம்பி ஒன்றை எடுத்து மேஜையில் வைத்தார். அடடா! கல்யாண ஆல்பம் அளவுதான். உள்ளேயே பேட்டரி. எனக்கென்றே செய்தது போல இருந்தது. விலையைச் சொன்னார். நான் வைத்திருந்ததைப் போல மூன்று மடங்கு.

வாங்க முடியாது என்று தெரிந்த பிறகு குறை கண்டுபிடிப்பது மனித இயல்பு. ஸ்கேன் எப்படி என்று கேட்டேன். பேப்பரை மேலே விட்டால் உள்ளே இழுத்துக் கீழே தள்ளும் என்றார். என் பையில் இருந்த பேங்க் பாஸ்புக்கை நீட்டி, இதை ஸ்கேன் பண்ணுங்கள் என்றேன். அவர் பாஸ்புக்கையும் மெஷினையும் மாறி மாறிப் பார்த்தார். பாஸ்புக் என்ன, பென்சன் புத்தகம், ராணுவ டிஸ்சார்ஜ் புக், ரேஷன் கடைப் பழைய கார்டு என்று என் வேலை முழுக்கப் புத்தகங்கள்தான். தம்பி சற்றும் அசரவில்லை: "ஒவ்வொரு பக்கமா கிழிச்சு விட்டீங்கன்னா ஜம்முனு போகும்க்கா."

இஸ்திரி

பிறகு, மை தேவையில்லாத பிரின்டர் என்று ஒன்றை ஆன்லைனில் பார்த்து வாங்கினேன். சூட்டிலேயே எழுத்து விழும், தனி பேப்பர் ரோல். பூரிக்கட்டை போல இருந்தது, கைப்பைக்குள் போட்டுவிடலாம். ஸ்கேனுக்கு செல்போன் போதும் என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன். விலையும் கட்டுப்படியாயிற்று. போஸ்ட் மாஸ்டர் வீட்டில் பேப்பரைக் கொடுத்துக் காபியும் குடித்தாயிற்று. பிரச்சினை தீர்ந்தது என்று ஒரு வாரம் நன்றாகத் தூங்கினேன்.

அடுத்தவர் ராஜபாளையத்தில் ஒரு சுபேதார். எண்பத்தைந்து வயதிலும், வீட்டில் இருக்கும்போதுகூட சட்டையில் மடிப்புக் கலையாது. ரோல் பேப்பர் அல்லவா, கொடுத்த சான்று அப்பளம் போலச் சுருண்டுகொண்டது. அவருக்கு அது பொறுக்கவில்லை போலும். நான் தெருமுனையைத் தாண்டவில்லை, போன் வந்தது. திரும்பிப் போனால் மேஜையில் இஸ்திரிப் பெட்டி, பக்கத்தில் ஒரு கறுப்புக் காகிதம். சூட்டில் எழுதும் காகிதத்தில் அவர் இஸ்திரி போட்டிருக்கிறார். பெயர், படம், எண் எல்லாம் ஒரே இருட்டு. ராணுவ மிடுக்குக் குறையாமல் கேட்டார்: "நேராக்குவோம்னு லேசாத்தான் தேய்ச்சேன். முழுசும் கறுத்துப் போச்சு. இப்ப சர்க்கார் கணக்குல நான் இருக்கேனா, இல்லையா?"

தளவாய்புரத்தில் புது டிசைன்

அக்டோபர் பாதி போய்விட்டது. மை டேங்க் வைத்த பிரின்டர் ஒன்று பழையதாக, சல்லிசாகக் கிடைத்தது. மேலே மூடி திறந்து புத்தகத்தை வைக்கலாம், மை மாதக்கணக்கில் தீராது. படுக்கை வாக்கில் இடம் போதாமல், ஸ்கூட்டரில் கால் வைக்கும் இடத்தில் நெட்டுக்குத்தலாக நிற்க வைத்துக் கயிறு போட்டுக் கட்டினேன். நிற்க வைத்து என்பதைக் கவனிக்க வேண்டும். டேங்க் பிரின்டரைச் சாய்க்கவே கூடாதாம். யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

தளவாய்புரத்தில் எண்பதைத் தாண்டிய ஒரு ரயில்வே பென்சன்காரர் வீடு. அவர் மருமகள் வீட்டிலேயே மெஷின் போட்டு நைட்டி தைக்கிறவர். கூடம் முழுக்கத் துணிக்கட்டு. வழியெல்லாம் வேகத்தடையில் தூக்கித் தூக்கிப் போட்டதில் மை உள்ளே ஒழுகியிருந்தது எனக்குத் தெரியாது. பிரின்டரை இறக்கி, இடம் தேடி, ஒரு வெளிர் மஞ்சள் கட்டின் மேல் ஒரு நிமிடம், ஒரே ஒரு நிமிடம்தான் வைத்தேன். தூக்கியபோது நாலைந்து நைட்டியில் கறுப்பாக வழிந்து நின்றது. என் சேலையிலும் முழங்கால் வரைக்கும் மை. அந்தப் பெண் ஒரு நைட்டியை வெளிச்சத்தில் விரித்துப் பிடித்துப் பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். திட்டப் போகிறார் என்று தலையைக் குனிந்தேன். அவர் சொன்னது: "கறுப்பு மட்டுந்தான் ஒழுகுமாக்கா? கொஞ்சம் செவப்பும் ஒழுக விட்டா, புது டிசைனுன்னு கடைக்கு அனுப்பிருவேன்."

கடைத்தெருவில் ஒரு சுற்று

வீட்டுக்கு வந்து சேலையை அலசும்போது நன்றாக அழுதேன். அந்தப் பெண் திட்டியிருந்தால்கூட இவ்வளவு அழுதிருக்க மாட்டேன். தோற்றுவிட்டேனோ என்று முதல் தடவையாகப் பயம் வந்தது. அழுது முடித்தபின் பயத்துக்குப் பதில் கோபம் வந்தது, என் மேலேயே. இதுவரை கடைக்காரர் சொன்னதையும் விளம்பரம் சொன்னதையும்தான் கேட்டிருக்கிறேன், என் வேலை என்ன கேட்கிறது என்று யோசிக்கவே இல்லை. புத்தகத்தைக் கவிழ்த்து வைக்கக் கண்ணாடி வேண்டும். சாய்த்தாலும் ஒழுகக் கூடாது. சாதா பேப்பரில் அடிக்க வேண்டும். மை தீர்ந்தால் ராஜபாளையத்திலேயே கிடைக்க வேண்டும். பேட்டரி வேண்டுமா? போகிற வீட்டிலெல்லாம் பிளக் இருக்கிறது, வேண்டாம். ஒரு வீட்டுக்கு நாலைந்து பக்கம்தான், ஆகையால் மை கொஞ்சம் விலை கூடினாலும் பரவாயில்லை. இஞ்ச் டேப்பை எடுத்து ஸ்கூட்டரில் கால் வைக்கும் இடத்தை அளந்துகொண்டேன்.

தீபாவளிக்கு முந்தின வாரம் அதே கடை, அதே தம்பி. சின்ன கார்ட்ரிட்ஜ் போடுகிற, இருப்பதிலேயே விலை குறைந்த ரகம் ஒன்று மூலையில் கிடந்தது. வீட்டுப் பிள்ளைகள் பாடம் அடிக்க வாங்குவது, உங்களுக்கு எதற்கு என்றார். டேப்பால் அளந்தேன், சரியாக இருந்தது. கார்ட்ரிட்ஜைப் போடச் சொன்னேன். ஒரு பக்கம் அடித்தேன். சாய்த்தேன். நெட்டுக்குத்தலாக நிற்க வைத்தேன். பிறகு, காசு கொடுக்கும் முன்பே, ஸ்கூட்டரில் வைத்துக் கட்டி, அந்தத் தம்பியையும் பின்னால் உட்கார வைத்துக் கடைத்தெருவில் இருக்கிற குழி ஒன்று விடாமல் ஏற்றி இறக்கி ஒரு சுற்று வந்தேன். திரும்பி வந்து மறுபடி அடித்தால், எழுத்து முத்து முத்தாக விழுந்தது. ஒரு சொட்டு ஒழுகவில்லை. தம்பி இடுப்பைப் பிடித்துக்கொண்டே இறங்கினார்: "நான் பைக் வாங்கையிலகூட இம்புட்டு ஓட்டிப் பாக்கலக்கா."

செக்போஸ்டில் கியூ

நவம்பர் வந்தது. செண்பகத்தோப்புப் பக்கம் ஒரு தோப்பு வீட்டில், ராணுவக்காரர் ஒருவர் காலில் கட்டோடு படுத்திருந்தார். ரேகை விழுந்தது, பதிந்தாயிற்று, பிரின்டரை மாட்டினால் கரண்ட் இல்லை. பேட்டரி வேண்டாம் என்று வீறாப்பாக முடிவெடுத்தவள் நான்தானே! பேப்பர் இல்லாமல் வரக்கூடாது என்று போஸ்ட் மாஸ்டர் வீட்டிலேயே படித்த பாடம். வனத்துறை செக்போஸ்டில் லைட் எரிந்ததை வரும்போது பார்த்திருந்தேன். செத்த நேரத்தில் வருகிறேன் என்று சொல்லிவிட்டு பிரின்டரோடு அங்கே போனேன்.

பணியில் இருந்த வனக்காவலர் பையைத் திறக்கச் சொன்னார். யானை நடமாடும் இடத்துக்கு எதற்கு இந்தப் பெட்டி என்று விசாரித்தார். சொன்னேன். யோசித்துவிட்டு இன்வெர்ட்டர் பிளக்கைக் காட்டினார். சான்று சத்தத்தோடு வெளியே வருவதை, முட்டையிலிருந்து குஞ்சு வருவதைப் பார்ப்பது போல நான்கு பேர் சுற்றி நின்று பார்த்தார்கள். நன்றி சொல்லிக் கிளம்பப் போனவளை வனக்காவலர் மறித்து, சட்டைப் பையில் இருந்து ஆதார் கார்டை எடுத்தார்: "வந்தது வந்தீக, எனக்கு ரெண்டு ஜெராக்ஸ். பின்னால நிக்கிறவுகளுக்கும் ஆளுக்கு ஒண்ணு போட்டுட்டுப் போயிருங்க."

வாசல் தாண்டாத புத்தகம்

நவம்பர் கடைசி வாரம். இதுவரை வந்த வேலைகள் என்னை மூழ்க விடவில்லை, ஆனால் கரையும் ஏற்றவில்லை. அப்போதுதான் ராஜபாளையத்தில் இருந்து பாக்கியம் அம்மாள் கூப்பிட்டார். ராணுவத்தில் இருந்த கணவர் இறந்து மூன்று மாதம். குடும்பப் பென்சன் இன்னும் வரவில்லை. கணவரின் டிஸ்சார்ஜ் புக்கை முழுதும் நகல் எடுத்துக் கொடுக்க வேண்டும். வடக்கே ராணுவத்தில் இருக்கிற மகன், விடுப்பில் வந்தபோது செல்லில் படம் பிடித்து அனுப்பியது நிழல் விழுந்து தெளிவில்லை என்று திரும்பிவிட்டது. கடையில் கொடுத்து எடுக்கலாமே என்று கேட்டேன். முன்பு வீட்டுப் பத்திரத்தை ஜெராக்ஸ் எடுக்க வாங்கிப்போன சொந்தக்காரர் அதைப் பஸ்ஸில் விட்டுவிட்டு வந்து நின்றாராம். அன்றிலிருந்து எந்த அசலும் அந்த வீட்டு வாசலைத் தாண்டுவதில்லை. பாக்கியம் அம்மாளுக்கோ முழங்கால் வலியில் வாசலைத் தாண்ட முடியாது.

பீரோவில் இருந்து துணியில் சுற்றிய புத்தகம் வந்தது. தாளெல்லாம் பழுத்து, தையல் விட்டிருந்தது. மூடியைத் திறந்து கண்ணாடியைத் துடைத்து வைத்தேன். என் கையில் அதைக் கொடுக்கவே இல்லை அந்த அம்மாள். தானே வைத்தார், தானே புரட்டினார், ஸ்கேன் ஓடும்போதும் ஓரத்தைப் பிடித்த விரலை எடுக்கவில்லை. விரல் படத்தில் விழும் என்று சொல்லிப் பார்த்தேன். "அவிய இருந்தவரைக்கும் இந்தப் புக்க என்னையவே தொட விட்டதில்ல, ஏட்டி. இப்ப எப்பிடி விடுவேன்?" என்றார். எழுத்து எதையும் மறைக்காமல் விரலை மட்டும் ஓரத்துக்கு நகர்த்தச் சொல்லி, அத்தனை பக்கமும் எடுத்து முடித்தேன். இரண்டு மணி நேரம் ஆயிற்று.

முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் நகல் கட்டை நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். அங்கிருந்தவர் ஒவ்வொரு பக்கமாகத் திருப்பினார். எல்லாப் பக்கத்தின் ஓரத்திலும் ஒரு விரல் கிடக்கிறதே, யாருடையது என்று கேட்டார். நடந்ததைச் சொன்னேன். மறுபடி முதலில் இருந்து திருப்பிப் பார்த்துவிட்டு முத்திரையை எடுத்தார்: "எழுத்து தெளிவா இருக்கு, போதும். இந்தம்மா உசுரோட இருக்காகளான்னு இனி தனியா வேற கேக்கணுமாக்கும்!"

அந்தத் தெருவில் யார் வீட்டிலும் அசல் வெளியே போக வேண்டியதில்லை என்ற சேதி எப்படிப் பரவியதோ, டிசம்பரில் பத்திரம், மார்க் ஷீட், சாதிச் சான்று என்று போன் ஓயவில்லை. ஆக, மலிவாக ஒரு பிரின்டர் வாங்க எனக்கு மொத்தம் மூன்று பிரின்டர் தேவைப்பட்டது. விட்டுவந்த வேலைக்குத் திரும்பிப் போகத்தான் இன்னும் நேரம் கிடைக்கவில்லை.