நெட்டை, தொப்பை, நான்

அந்த ஞாயிற்றுக்கிழமை பஞ்சாயத்து டிவி ரூமில் அப்பா, அம்மா, பக்கத்து வூட்டு மணி மாமா, தெருவில் பாதிப் பேர் இருந்தார்கள். இங்கிலீஷ் தெரிந்த டீச்சர் மட்டும் வரவில்லை.

இன்று நான் வேலை பார்க்கிற சுங்குவார்சத்திரம் எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனியில், லைனில் ஒரு சர்க்யூட் போர்டு சூடாகி வாசனை வந்ததும், மரப்பெட்டிக்குள் பூட்டி வைத்த அந்த டிவி சூடேறும்போது கிளம்புகிற தூசி வாசனையும், முழங்காலில் அச்சுப் பதிகிற கோரைப்பாயும், நீளமான காரில் பட்டணம் முழுக்கத் திருடனைத் தேடிய இரண்டு போலீஸ்காரர்களும் நினைவில் திரும்ப வந்துவிட்டார்கள். அன்று டிவியில் ஓடியது பழைய இங்கிலீஷ் படம்; அந்தப் போலீஸ்காரர்களில் ஒருவர் நெட்டை, இன்னொருவர் தொப்பை.

"டேய் படிக்கிற புள்ள, இன்னாடா சொல்றான் அந்தத் தொப்பை?" என்றார் மணி மாமா.

ஐந்தாவது படித்த எனக்கு ஒரு வார்த்தையும் புரியவில்லை. "பசிக்குது, வூட்டுக்குப் போலாம்ன்றாரு."

ரூமே சிரித்தது. அப்புறம் அவர்கள் வாய் அசைந்தபோதெல்லாம் நானே பேசினேன். நெட்டைக்குக் குண்டடி பட்டபோது, "எங்கம்மாவப் பாத்துக்கோ" என்றேன். அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

"எம்புள்ளைக்கு இங்கிலீஷ் வருதுய்யா" என்று அப்பாவிடம் வழியெல்லாம் சொல்லிக்கினு வந்தாள். நான் இரண்டடி முன்னால் நடந்தேன்.

ரூம் இருந்த இடத்தில் இப்போது கம்பெனி பஸ்கள் நிற்கின்றன. இன்று அந்தப் படம் வந்தால் ஒவ்வொரு வார்த்தையும் எனக்குப் புரியும். இன்னாடா சொல்றான் என்று கேட்கத்தான் ஆளில்லை.

அந்தப் படம் பார்த்த அடுத்த மாதமே என்னை இங்கிலீஷ் மீடியத்தில் சேர்த்தார்கள். அந்த பீஸுக்காகக் கறவை மாட்டை அப்பா விற்றது பதினோராயிரம் ரூபாய்க்கு.