அரளிக்கு வந்த உத்தரவு

மரத்துக்குக் குறி போடுகிறவனைக் கண்டால் நாய் குரைக்கும், வீட்டுக்காரரும் குரைப்பார், மரம் ஒன்றுதான் சும்மா நிற்கும்.

ஐம்பதுகளில் பெங்களூர் நகரத் தோட்டப் பிரிவில் எனக்கு அந்த வேலை. ஸ்ரீராம்புரத்திலிருந்து சைக்கிளில் கிளம்பித் தெருத் தெருவாகப் போவேன். நல்ல மரத்துக்குத் தாரில் வட்டம், பட்ட மரத்துக்குப் பெருக்கல் குறி. பெருக்கல் போட்டால் பின்னாலேயே கோடாலி வரும். தமிழும் கன்னடமும் எழுதத் தெரியும் என்றுதான் சேர்த்துக்கொண்டார்கள். மரம் தெரியுமா என்று யாரும் கேட்கவில்லை, நானும் வாயைத் திறக்கவில்லை.

வேலை தற்காலிகம். ஒரு மரம் தப்பாய்ப் போனாலும் வீட்டுக்கு அனுப்பிவிடுவதாக சூப்பரின்டென்டென்ட் சொல்லியிருந்தார். தங்கவயலில் எனக்குப் பேசி வைத்திருந்த பெண்ணின் அப்பாவோ, பர்மனென்ட் ஆனால்தான் தட்டு மாற்றுவது என்று பிடிவாதமாய் நின்றார். தற்காலிகத்தில் காலம் தள்ளியவர்களே, என் நிலைமையை உங்களுக்கா விளக்க வேண்டும்!

தை மாதத்துப் பிணம்

லிங்கராஜபுரத்தில் ஆரோக்கியம் என்ற டெய்லரம்மா வீட்டு வாசலில் ஒரு மரம். பொட்டு இலை இல்லை, உடம்பெல்லாம் முள். பட்டுப்போச்சு என்று பெருக்கல் போட்டேன். இரண்டு வாரம் கழித்து அந்தப் பக்கம் போனால், கிளை தெரியாமல் சிவப்புப் பூ, மைனாக்கள் ஒரே கூச்சல்! கல்யாண முருங்கை. இலையை உதிர்த்துவிட்டுத்தான் பூக்குமாம். ஓட்டுச்சில்லு ஒன்றைப் பொறுக்கிப் பரபரவென்று தாரைச் சுரண்டினேன். தையல் மெஷினை நிறுத்திவிட்டு ஆரோக்கியம் எட்டிப் பார்த்தார்.

"ஏன் தம்பி, செத்தது எங்கயாவது இப்படிச் சிரிக்குமா?"

டூட்டி முடிஞ்ச மரம்

அன்றிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. காலையில் பார்த்த மரத்தைச் சாயங்காலமும் போய்ப் பார்ப்பேன். கன்டோன்மென்ட் சாலையில் ஒரு பெரிய மரம். பட்டியலில் கன்னடத்தில் 'மளெ மர', அதாவது மழை மரம் என்று இருந்தது. காலையில் குடை மாதிரி நின்றது, ஆறு மணிக்கு இலையெல்லாம் சுருங்கித் தொங்கியது. ஐயையோ, நோவு என்று நோட்டில் எழுதப்போனேன். நிழலில் ஜட்காவை நிறுத்தியிருந்த சாயபு விழுந்து விழுந்து சிரித்தார். நம் தூங்குமூஞ்சி மரம்தான் அது. பெயரைக் கன்னடத்தில் எழுதியிருந்ததால் எனக்குப் பிடிபடவில்லை.

"அரே பாயி, அதுக்கு டூட்டி முடிஞ்சுபோச்சு, தூங்குது. நீயும் வூட்டுக்குப் போ!"

ஞாயிற்றுக்கிழமைக் குறி

மாசிக் கடைசியில் சூப்பரின்டென்டென்ட் கையாலேயே எழுதிய கன்னடச் சீட்டு வந்தது. ஒரு தமிழ்ப் பள்ளிக்கூடத்துக் காம்பவுண்டில் இருக்கும் அரளி மரத்தை எடுக்க வேண்டும். கன்னடத்தில் அரளி என்றால் நம்முடைய அரசமரம், எனக்கா தெரியாது! ஞாயிற்றுக்கிழமை போனேன். பள்ளியில் ஈ காக்கை இல்லை. அரசமரமும் பாதி இலை கொட்டி நின்றது. ஜம்மென்று பெருக்கல் போட்டேன்.

பங்குனியில் அந்த வழியாகப் போனேன். மரம் முழுக்கச் செம்புத் தளிர், காற்றடித்தால் பளபளவென்று மின்னுகிறது. சைக்கிளை விட்டு இறங்கி நின்றுவிட்டேன். இதையா வெட்டப்போகிறோம் என்று மனசு அடித்துக்கொண்டது. மறுநாள் காலை வெட்டு. நான் நிற்பதைப் பார்த்துப் பள்ளியின் பெரிய டீச்சர் வேகமாய் வந்தார்.

"கிணத்தோரம் இருக்கிற அரளிச் செடியை எடுங்கன்னு தமிழ்லதானே மனு எழுதினேன்? பிள்ளைங்க விஷக்காயைக் கடிச்சிடுமோன்னு நான் பயந்து கெடக்கேன், நீங்க நெழல் குடுக்கிற அரசமரத்துக்கு ஆப்பு வெக்கிறீங்களே!"

மேஸ்திரியின் தேங்காய்

மறுநாள் காலை நான் போய்ச் சேருவதற்குள் வெட்டுக்கூட்டம் வந்துவிட்டது. நிறுத்தச் சொன்னால் காரணம் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். வேலை போச்சு, தங்கவயலும் போச்சு. சும்மா இருந்தால் மரம் மட்டும்தான் போகும். சீட்டில் அரளி மர என்று இருக்கிறது, என்னை யார் கேட்பார்கள்? நெஞ்சைத் தொட்டுச் சொல்கிறேன், சும்மா இருந்துவிடலாம் என்றுதான் நினைத்தேன்.

மேஸ்திரி முனியப்பா கோடாலியைக் கீழே வைத்துவிட்டுக் கற்பூரம் ஏற்றினார், தேங்காய் உடைத்தார். மரத்தை மூன்று சுற்றுச் சுற்றி விழுந்து கும்பிட்டார். கண்ணில் தண்ணீர். நான் பக்கத்தில்தான் நிற்கிறேன்.

"சாமி, நான் கூலிக்காரன், என்னை விட்டுடு. எந்தப் பாவி இந்தக் குறியைப் போட்டானோ, அவன் வம்சத்தைப் பார்த்துக்கோ!"

கதவைச் சாத்திய அதிகாரி

"நிறுத்துய்யா, அந்தப் பாவி நான்தான்!" என்று கத்திவிட்டேன். முனியப்பாவின் ஆட்கள் அரளிச் செடியை மட்டும் வேரோடு பிடுங்கிப் போட்டார்கள். நான் டீச்சரிடம் மனுவின் நகலை வாங்கிக்கொண்டு ஆபீசுக்குப் போனேன்.

சூப்பரின்டென்டென்டுக்கு ஒரு பெருமை உண்டு. 'நனகெ தமிளு சென்னாகி பருத்தெ', அதாவது தமிழ் தனக்கு நன்றாக வரும் என்று போகிற வருகிறவரிடமெல்லாம் சொல்வார். மனுவைக் கன்னடத்தில் மாற்றியதும் அவரேதான். தப்பை ஒப்புக்கொண்டு மனுவையும் சீட்டையும் மேஜையில் வைத்தேன். டீச்சர் எழுதிய அரளிச் செடியை இவர் அரளி மரமாக்கியிருந்தார். இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். காது சிவந்தது. எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார்.

"இது வெளியே போகக்கூடாது, ஆமா. உன் பர்மனென்ட் காகிதம் இன்னிக்கே மேலே போகுது, புரிஞ்சுதா?"

மரத்தைச் சரியாகப் பார்த்து எவனும் பர்மனென்ட் ஆனதில்லை ஐயா. மேலதிகாரியின் தப்பைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டவன்தான் ஆனான், ஆவணியில் தாலியும் கட்டினான்.