தார்ப்பாயில் காய்ந்த பொடி

ஜவஹர் அலியின் எண் நூற்றுப் பதினேழு. தண்டவாளம் ஒட்டுகிறவர்களுக்குப் பரீட்சை வைத்துக் கொடுக்கிற எண் அது. ஒவ்வொரு ஒட்டு முடிந்ததும், எண் வெட்டிய தகரத்தைத் தண்டவாளத்தின் பக்கவாட்டில் வைத்து வெள்ளைப் பெயிண்ட் அடிப்பார். என்றைக்கு ஒட்டு விட்டுப்போனாலும் யாரைக் கேட்பது என்று தெரிந்துவிடும்.

"புள்ள பொறந்த தேதி மறந்துடும், இந்த நம்பரு மட்டும் மறக்காது" என்பாள் மனைவி சித்திக்கா.

குவைத்தில் பதினோரு வருடம் குழாய் பற்றவைத்துவிட்டு ஊர் திரும்பியவர். இப்போது காரைக்காலுக்கு வரும் புது ரயில் பாதையில் ஒப்பந்தக்காரரிடம் வேலை. இரண்டு தண்டவாள முனைகளுக்கு நடுவே ஓர் அங்குலம் இடைவெளி விட்டு, சுற்றிலும் மண் அச்சைக் கட்டி, முனைகளைச் சிவக்கக் காய்ச்சுவார். மேலே குடுவையில் இரும்புத்துருவும் அலுமினியமும் கலந்த பொடி. பிஸ்மில்லா சொல்லிப் பற்றவைத்தால் கண் கூசச் சீறி எரிந்து, இரும்புக் குழம்பாகி அச்சுக்குள் இறங்கும். ஆறியதும் இரண்டும் ஒரே தண்டவாளம்.

அன்று மிச்சம் இருந்தது ஒரே ஒட்டு. மறுநாள் அதிகாரிகளின் சோதனை வண்டி வருகிறது. ஜவஹர் அலி வந்து பார்த்தால், பாதையோரம் தார்ப்பாயில் பொடியைப் பரப்பிக் காலால் கிளறிக்கொண்டிருந்தான் மேற்பார்வையாளர் ரஞ்சித்குமார். நெடுங்காட்டு விவசாய வீட்டுப் பிள்ளை.

"என்ன தம்பி இது?"

"முந்தாநாள் மழையில மூட்டை நனைஞ்சுபோச்சு பாய். நெல்லே ரெண்டு வெயில்ல காயுது, இது காயாதா? அள்ளிப் பாருங்க, கலகலன்னு இருக்கு."

"நெல்லு காஞ்சா அரைக்கலாம். ஈரம் பட்ட பொடியை ஊத்துனா ஒட்டு சொத்தைப் பல்லு மாதிரி உள்ள ஓட்டை விழுந்து நிக்கும். வெளிய வழுவழுன்னு தெரியும். மேல ரயில் ஓடணும் தம்பி."

"ஒரே ஒரு ஒட்டு பாய்! முடியாதுன்னா நவநீதன் ஊத்தட்டும். நம்பரு உங்களுதையே அடிச்சுக்குறேன்."

அச்சுக் கட்டுகிற நவநீதன் பதறினான். "என்னைய ஏண்ணே மாட்டிவிடுறீங்க?"

ஜவஹர் அலி குரல் உயர்த்திப் பேசி யாரும் கேட்டதில்லை. அன்றும் உயர்த்தவில்லை. தார்ப்பாயின் இரண்டு முனையைப் பிடித்துத் தூக்கினார். பொடி மொத்தமும் பக்கத்துச் சேற்றுக் குழியில் சரிந்தது.

"பாய்! வேலை வேணாமா உங்களுக்கு?"

"வேலை உங்களுது, எடுத்துக்குங்க. நம்பரு என்னுது."

தகரத்தைச் சாப்பாட்டுப் பையில் போட்டுக்கொண்டு நடந்தார்.

"பாய், சாப்பாட்டையாவது வெச்சுட்டுப் போங்க!" என்று பின்னாலிருந்து நவநீதன் கத்தினான்.

வீட்டில் சித்திக்கா பையைப் பிரித்துத் தகரத்தைப் பார்த்தாள். "மறுபடியும் குவைத்தா?"

"எங்கயும் போகல. இங்கதான் இருப்பேன்."

மறுநாள் ஒட்டு இல்லாத அந்த இடத்தில் தற்காலிகமாக இரும்புப் பட்டை வைத்து போல்ட் முடுக்கியிருந்தார்கள். சோதனை வண்டி அதன்மேல் ஊர்ந்து போனது.

நான்காம் நாள் ரஞ்சித்குமாரே பைக்கில் வந்தான்.

"புது மூட்டை வந்திருக்கு பாய். சீல் பிரிக்கல. ஏறுங்க."

"நனைஞ்ச மூட்டையைக் கழிச்சாச்சுன்னு ரிஜிஸ்டர்ல எழுதிக் கையெழுத்துப் போடுங்க. அப்புறம் வர்றேன்."

"விடவே மாட்டீங்களா?"

"மாட்டேன்."

"சரி, வாங்க. அங்க உங்க கண்ணு முன்னாடியே எழுதுறேன்."

"எழுதிட்டு வாங்க. நான் இங்கதான் இருக்கேன்."

மதியம் லுஹர் தொழுகை முடித்து அவர் திரும்பியபோது, ரஞ்சித்குமார் பதிவேட்டோடு வாசலில் நின்றான். ஜவஹர் அலி எழுத்துக் கூட்டி ஒவ்வொரு வரியாகப் படித்தார். பிறகுதான் தகரத்தை எடுத்துப் பையில் வைத்தார்.