கோமதி அம்மா வேண்டாம் என்ற டிஷ்

எங்கள் ஒர்க்‌ஷாப்புக்கு டவுன் பஸ் வரும், காலேஜ் பஸ் வரும், நெல் லாரி வரும். ஒரு வீடே ஓடி வந்து நின்றது அந்தப் புதன்கிழமைதான்.

பேட்டை தாண்டித் தென்காசி ரோட்டில் பஸ் பாடி கட்டும் ஒர்க்‌ஷாப் அது. எனக்குக் கண்ணாடி வேலை. முன் கண்ணாடி, பின் கண்ணாடி, ஜன்னல் என்று எது உடைந்தாலும் ‘முருகையாவைக் கூப்பிடு’ என்பார்கள். மேலப்பாளையம் பீர் முகம்மதுக்கு வயரிங்கும் கூரை வேலையும். இரண்டு பேரும் ஒன்றாக வேலை பார்த்தே தலை நரைத்தவர்கள். எங்களுக்குள் ‘வே, லே’ என்றுதான் பேச்சு. கோபம் வந்தால் மட்டும் மரியாதை வந்துவிடும்.

வந்து நின்றது ஒரு கேரவன். உள்ளே கட்டில், ஏசி, கை கழுவும் தொட்டி எல்லாம் உண்டு. ஓட்டி வந்தவர் டவுனில் பலசரக்குக் கடை வைத்திருந்த சங்கரலிங்கம் அண்ணாச்சி. கடையை மகனிடம் விட்டுவிட்டு, யாரோ சினிமா ஷூட்டிங்குக்கு வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்த வண்டியை செகண்ட் ஹேண்டில் வாங்கியிருந்தார்.

“வெள்ளிக்கெழம விக்கிரமசிங்கபுரத்துல என் மச்சினன் மவளுக்குக் கல்யாணம்வே. எம் பொஞ்சாதிதான் அத்தக்காரி, இவ போவாம இருக்க முடியாது. முதுகுல ஆப்பரேசன் பண்ணுனதுல உக்காந்து போவவும் முடியாது. படுத்துக்கிட்டுப் போவட்டுமேன்னுதான் இந்த வண்டியவே வாங்குனேன். நேத்து கிருஷ்ணாபுரம் வர ஓட்டிப் பாத்தேன். ஒரு மழதான் பெஞ்சுது. இவ நெஞ்சு மேல சொட்டுது.”

“எங்கன இருந்து சொட்டுது?”

“மேல டிவிக்கு ஒரு டிஷ் நிக்கி பாத்தீரா, அதுக்கு நேர கீழதான். சவத்த மொதல்ல கழட்டிப் போடும்.”

அவர் மனைவி கோமதி அம்மா இடுப்பில் பெல்ட் கட்டிக்கொண்டு, கதவைப் பிடித்துப் பைய இறங்கினார். நாலு எட்டு நடப்பார். உட்காரத்தான் கூடாது. வாட்ச்மேனின் நார்க்கட்டிலை வேப்பமரத்தடியில் போட்டுக் கொடுத்தோம். அதில் படுத்துக்கொண்டே பேசினார்.

“சொட்டாட்டாலும் அதக் கழட்டத்தான் வேணும் தம்பி. ஒரு வருசமா படுத்துக் கெடந்து டிவி பாத்தாச்சு. எந்த மாமியா எந்த மருமவள வெரட்டுவான்னு எனக்கு முன்கூட்டியே தெரிஞ்சுருது. வண்டிக்குள்ளயும் அதத்தான் பாக்கணும்னா நான் வரல.”

“மேட்ச் கீட்ச் நடந்தா...” என்று அண்ணாச்சி முனகினார்.

“மேட்ச்ச நீங்க வீட்ல இருந்து பாருங்க. நான் கல்யாணத்துக்குப் போறேன்.”

ஐப்பசி மாதம். மலைப்பக்கம் கருத்துக் கிடந்தது. ஒரு மழை என்ன, ஒன்பது மழை வரும். வெள்ளிக்கிழமை காலைக்குள் அந்தக் கட்டிலுக்கு மேலே ஒரு சொட்டு விழாமல் செய்ய வேண்டும். இல்லாவிட்டால் அந்த அம்மாவுக்குக் கல்யாணம் கிடையாது.

கழற்றின கதை

கேரவன் கூரையில் டிஷ் கழற்றுவதை வீட்டு மொட்டைமாடியில் கழற்றுவது மாதிரி நினைக்கக் கூடாது. மாடியில் நாலு போல்ட்டைத் திருகினால் கையோடு வந்துவிடும். இது மோட்டார் வைத்து மடங்கி நிமிரும் டிஷ். அடியில் ஒரு பெரிய அலுமினியத் தகடு, தகட்டைச் சுற்றி பி.யூ. சீலண்ட். பஸ் முன் கண்ணாடியை ஒட்டும் அதே பசைதான். காய்ந்துவிட்டால் கடப்பாரைக்கும் அசையாது. நெம்பினால் கூரை ஃபைபர் பிய்ந்துகொண்டு வரும்.

பீர் மேலே ஏறி டிஷ்ஷை மட்டும் தனியாகக் கழற்றிக் கீழே கொடுத்தான். அதன் பிறகு தகடு. கண்ணாடி அறுக்கிற கம்பியை எடுத்தேன். மெல்லிய முறுக்குக் கம்பி, இரண்டு முனையிலும் மரப்பிடி. சீலண்டுக்குள் ஊசியால் ஒரு துளை போட்டுக் கம்பியை நுழைத்து, ஆளுக்கு ஒரு முனையைப் பிடித்து, அவன் இழுக்க நான் விட, நான் இழுக்க அவன் விட, தகட்டைச் சுற்றி வர வேண்டும். அவசரப்பட்டால் கம்பி சூடேறி அறுந்துவிடும்.

“என்னவே இது, தகடு போய்க்கிட்டே இருக்கு?” என்றான் பீர்.

எனக்கும் அதே சந்தேகம்தான். ஒரு டிஷ்ஷுக்கு எதற்கு மேஜை அகலத்துக்குத் தகடு? ஓரமெல்லாம் வேர்க்குரு மாதிரி ரிவிட் ஆணி வேறு. ஒவ்வொன்றையும் ட்ரில் போட்டு எடுத்தோம். அண்ணாச்சியை நேர் கீழே நிற்காதீர்கள் என்று சொல்லியிருந்தேன். வண்டிக்குள் ஓரமாகத்தான் நின்றார்.

தகட்டைத் தூக்கினோம். அதற்கு அடியில் ஒரு பிளைவுட் பலகை, ஊறிப்போய்க் கிடந்தது. நான் விரலை வைத்ததும் பொதுக்கென்று கட்டில்மேல் விழுந்தது. உள்ளே ஒரு இருமல் சத்தம். என்ன ஏதென்று பார்க்க அண்ணாச்சி கட்டில்மேல் ஏறி நிமிர்ந்திருக்கிறார். கூரைக்கு மேலே அவருடைய தலையும் தோளும் எங்கள் இரண்டு பேருக்கும் நடுவே வந்து நின்றன. தலை நிறைய, இடுக்கில் சிக்கி மக்கிப்போன ரோஜா இதழ், காதோரம் ஒரு மாலைச் சரிகை.

அப்போதுதான் விஷயம் விளங்கியது. ஷூட்டிங்குக்குப் போகும் முன்னால் அது எலக்‌ஷன் பிரச்சார வண்டி. தலைவர் ஏறி நின்று கும்பிடுவதற்காகக் கூரையில் வெட்டின திறப்பு அது. எலக்‌ஷன் முடிந்ததும் யாரோ பலகையை வைத்து மூடி, தகட்டை அடித்து, சும்மா கிடக்கிற இடம்தானே என்று டிஷ்ஷை அதன்மேல் நட்டிருக்கிறார்கள். ரிவிட் ஓட்டையில் எல்லாம் தண்ணீர் இறங்கியிருக்கிறது.

“அண்ணாச்சி, வந்தது வந்துட்டிய, ஒரு கும்பிடு போட்டுருங்க” என்றான் பீர்.

அண்ணாச்சி என்ன நினைத்தாரோ, வேப்பமரத்தைப் பார்த்து இரண்டு கையையும் கூப்பினார்.

கோமதி அம்மா சிரித்த சிரிப்பு வெல்டிங் சத்தத்தையும் மீறிக் கேட்டது. “சிரிக்க வைக்காதீங்கய்யா, இடுப்பு வலிக்கி” என்று சொல்லிவிட்டு மறுபடியும் சிரித்தார். அண்ணாச்சி கூப்பின கையை எடுக்காமலே நின்றார்.

“அவ சிரிச்சு நாளாச்சுவே” என்று என்னிடம் மெதுவாகச் சொன்னார்.

மூடுவதா, வேண்டாமா

சிரிப்பு முடிந்ததும் கவலை வந்தது. ஒரு சொட்டை நிறுத்தச் சொன்னவருக்கு ஒரு ஆள் நுழையும் ஓட்டையைக் காட்டிவிட்டோம்.

பீருக்கு யோசனைக்குப் பஞ்சமே கிடையாது. “ஷீட்டப் போட்டுச் சுத்தி ரிவிட் அடிச்சுருவோம்” என்றான். பஸ் பாடிக்காரர்களின் வியாதி அது. எந்த ஓட்டையைப் பார்த்தாலும் ஒரு தகட்டை வைத்து ரிவிட் அடிப்போம். ஒரு ஓட்டையை அடைக்க முப்பது ஓட்டை போடுகிறோம் என்று ஒருவருக்கும் உறைக்காது.

“அவன் அடிச்ச ரிவிட்டாலதானவே இவ்வளவும். நீயும் அடிக்கணுமா?” என்றேன்.

“அப்படீன்னா திருவாளர் முருகையா அவர்களே சொல்லட்டும், எப்படி மூடலாம்னு” என்றான். மரியாதை வந்துவிட்டது.

நாங்கள் முறைத்துக்கொண்டு நிற்கையில் கீழேயிருந்து குரல் வந்தது. “அப்படி என்ன ஓட்டை அது? நான் பாக்கணும்.”

அண்ணாச்சி கட்டிலைத் துடைத்து, வேறு விரிப்பு விரித்தார். கோமதி அம்மா உள்ளே போய் மெதுவாகப் படுத்தார். வலி வந்துவிட்டதோ என்று நான் மேலேயிருந்து எட்டிப் பார்த்தேன்.

“தள்ளுங்க தம்பி. மறைக்குது.”

தள்ளி நின்றேன்.

“இத மூடிராதீங்க” என்றார். “காக்கா போவுது. வேப்பங்கொப்பு ஆடுது. வீட்ல ஒரு வருசமா ஃபேனத்தான பாத்துக்கிட்டுக் கெடந்தேன்.”

“மழ வந்தா என்னட்டி செய்வ?” என்றார் அண்ணாச்சி. “வெயில் வேற மூஞ்சில அடிக்கும்லா?”

“மூஞ்சில வெயில் பட்டு ஒரு வருசமாச்சு. அடிக்கட்டும்.”

அண்ணாச்சி என்னைப் பார்த்தார். எனக்கு வெட்கமாக இருந்தது. பிழைப்பே கண்ணாடியில்தான், அந்த ஓட்டையில் கண்ணாடி போடலாம் என்று என் தலையில் உதிக்கவில்லை. நாங்கள் எப்போதுமே மேலே நின்று வேலை பார்க்கிறவர்கள். மேலேயிருந்து பார்த்தால் அது அடைக்க வேண்டிய ஓட்டை, அவ்வளவுதான்.

“அம்மா, கொஞ்சம் ஒதுங்கிப் படுங்க. கண்ணாடி எங்கன வரணும்னு பாக்கணும்” என்று சொல்லிவிட்டு, கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் நானும் மல்லாந்து படுத்தேன். கறுத்த மேகம் ஒன்று வேப்பமரத்துக்கு மேலே நகர்ந்துகொண்டிருந்தது. என் வயசுக்கு அதையெல்லாம் படுத்துப் பார்த்ததே இல்லை. எழுந்திருக்கவே மனசு வரவில்லை.

கண்ணாடி

பஸ் ஜன்னல் கண்ணாடி ஆகாது. கல் பட்டால் கற்கண்டாகக் கொட்டிவிடும். கீழே படுத்திருப்பவர் முகத்தில் கொட்டினால் என்ன கதி? முன் கண்ணாடிதான் சரி. இரண்டு கண்ணாடிக்கு நடுவே ஒரு ஃபிலிம் இருக்கும், விரிசல் விட்டாலும் உதிராது. பழைய டவுன் பஸ்ஸில் மாட்டும் தட்டையான முன் கண்ணாடி ஒன்று எங்கள் ஷெட்டில் சாக்கு சுற்றிக் கிடந்தது. அளவுக்கு அறுத்தேன். கூரைக்கு மேலே மூன்று விரல் உயரத்துக்கு அலுமினிய ஃபிரேம், பின்பக்கம் கொஞ்சம் சரிவு. தண்ணீர் தேங்கக் கூடாது. உள்ளே இழுத்து மூட, பஸ் திரைத் துணி ஒன்று. ரிவிட் ஒன்றுகூட இல்லை, சீலண்ட் பிடிப்பு மட்டும்தான். பீருக்கு அதில் வருத்தம்தான். ஆனாலும் ஃபிரேமை நூல் பிடித்த மாதிரி செய்து கொடுத்தான்.

சீலண்ட் போட்டுத் தார்ப்பாய் கட்டி, வண்டியை ஷெட்டுக்குள் ஏற்றிவிட்டோம். அது காய்கிறவரை கை வைக்கக் கூடாது.

வியாழக்கிழமை டெஸ்ட். எங்கள் ஒர்க்‌ஷாப்பில் அதற்கு ஒரு வழக்கம் உண்டு. வண்டியைப் பக்கத்து வயல் பம்புசெட்டுக்கு ஓட்டிப் போய், ஹோஸைக் கூரைமேல் திருப்பி விடுவோம். சீலண்ட் போட்டவன் அவனவன் போட்ட இடத்துக்குக் கீழே உட்கார வேண்டும். தலை நனைந்தால் வேலை திரும்ப. கோமதி அம்மா வெளியே, கூடவே தூக்கி வந்த நார்க்கட்டிலில் படுத்துக்கொண்டார். அண்ணாச்சி கதவோரம் நின்றார். நான் கண்ணாடிக்குக் கீழே உட்கார்ந்தேன். பீர், தான் சீலண்ட் போட்ட ஏசிப் பக்கம் உட்கார்ந்தான்.

தண்ணீர் கொட்டுகொட்டென்று கொட்டியது. கண்ணாடியில் ஒரு பொட்டு இறங்கவில்லை. மார் தட்டிக்கொள்ள நான் வாயெடுத்தேன். பீரின் உச்சந்தலை வழுக்கையில் டொக் என்று ஒரு சொட்டு விழுந்தது. அண்ணாந்து பார்த்தால், டிஷ் வயர் கூரைக்குள் இறங்கும் துளை. டிஷ் போய்விட்டது, வயர் அப்படியே கிடக்கிறது. தண்ணீர் அந்த வயரைப் பிடித்துக்கொண்டு வழி தெரிந்த ஆள் மாதிரி இறங்குகிறது.

“வயர உருவச் சொன்னேம்லாவே?”

பீர் என்னைப் பார்க்காமல் அண்ணாச்சியைப் பார்த்தான். அண்ணாச்சி பம்புசெட்டைப் பார்த்தார்.

“அண்ணாச்சிதான் வே சொன்னாவ. வயர் மட்டும் கெடக்கட்டும், பொறவு மேட்ச்சுக்கு ஆவும்னு.”

வெளியே கட்டிலில் இருந்து கோமதி அம்மா கேட்டுவிட்டார். “நானும் மழத்தண்ணிதான் சொட்டுதுன்னு நெனச்சேன். மேட்ச்லா சொட்டுது.”

அண்ணாச்சி தாமே வயரைப் பிடித்து உருவினார். தண்ணீர்ப் பாம்பு மாதிரி நீளமாக வந்துகொண்டே இருந்தது. துளையில் சீலண்ட் ஊற்றி, மேலே ஒரு சின்ன வட்டத் தகட்டை ஒட்டினோம். சாயங்காலம் மறுபடியும் பம்புசெட். இந்த முறை பீர் நகராமல் அதே இடத்தில் உட்கார்ந்தான். தலை காய்ந்தே இருந்தது.

வெள்ளிக்கிழமை

காலையில் நல்ல மழை. நான் வேலையே செய்யவில்லை. ஃபோனைப் பார்ப்பதும் வானத்தைப் பார்ப்பதுமாக இருந்தேன். மத்தியானத்துக்கு மேல்தான் அண்ணாச்சி நம்பரிலிருந்து கூப்பிட்டார்கள். பேசியது கோமதி அம்மா.

“கல்யாணம் நல்லபடியா நடந்துட்டு தம்பி. தாலி கட்டுத வர பெல்ட்டக் கட்டிக்கிட்டு நின்னேன். இப்ப பாவநாசம் வந்துருக்கோம்.”

“வழியில சொட்டுச்சாம்மா?”

“ஒரு பொட்டு இல்ல. மழ விழுதது பூராம் தெரியுது, மேல விழ மாட்டேங்கு. மழய இப்படி அடியில கெடந்து நான் பாத்ததே இல்ல.” பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். “தம்பி, ஒரு கொரங்கு கண்ணாடி மேல உக்காந்து என்னயே பாக்குது. தாங்குமா?”

“தாங்கும்மா. பஸ் கண்ணாடி. நான் ஏறி உக்காந்தாலும் தாங்கும்.”

“அப்ப சரி. இருந்துட்டுப் போவட்டும். டிவிக்கு இது தேவல.”

பின்னால் அண்ணாச்சி குரல் கேட்டது. “தள்ளிப் படுட்டி, நானும் பாக்கணும்.”

அந்த டிஷ் இப்போது மேலப்பாளையத்தில் பீர் வீட்டு மாடியில் கிடக்கிறது. அவன் சம்சாரம் அதில் மோர் மிளகாய் காயப் போடுகிறார். நான் ரிட்டயர் ஆகிவிட்டேன். ஆனாலும் கேரவன், ஆம்புலன்ஸ் என்று ஆள் படுத்துப் போகிற வண்டி எது வந்தாலும் என்னைக் கூப்பிடுவார்கள். இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். ஏணியை வைத்துக் கூரைமேல் ஏறும் முன்னால், உள்ளே போய் அந்தக் கட்டிலில் ஒரு தரம் படுத்து, மேலே பாருங்கள். என்ன வேலை செய்ய வேண்டும் என்பது அங்கேதான் தெரியும்.

போன மாதம்கூட அப்படிப் படுத்திருந்த என்னிடம் ஒரு வண்டிக்காரர், “என்ன அண்ணாச்சி, வேலைக்கு வந்தியளா, தூங்க வந்தியளா?” என்று கேட்டார். பேசாமல் பக்கத்தில் வந்து படும் என்று அவருக்கும் இடம் விட்டேன்.