இறக்கிவிட்ட சட்டைக்கை

அன்று தேனியில் அந்த மனநல மருத்துவரின் அறையில் இருந்தவர்கள் நாலே பேர்: டாக்டர், எங்கள் பள்ளிவாசலில் தொழவைக்கும் அசரத், என் வீட்டுக்காரி, நான்.

எட்டாவதோடு படிப்பை விட்டவன் நான். கம்பத்தில் எஸ்.டி.டி. பூத் வைத்திருந்தேன். கொடுத்த சில்லறை சரியா என்று ஆளைத் தெருவில் மறித்துக் கேட்பேன். அதுகூடப் பரவாயில்லை. தொழுகைக்கு முன் கை, கால், முகம் கழுவும் ஒளுதான் என்னைப் படுத்திவைத்தது. முழங்கை நனைந்ததா, குதிகால் நனைந்ததா என்று கழுவிக் கழுவி விரலிடுக்கெல்லாம் வெடித்துவிட்டது. போன பெருநாளன்று நான் குழாயடியை விட்டு எழுந்தபோது, தொழுகை முடிந்து எல்லோரும் கட்டித் தழுவிக்கொண்டிருந்தார்கள். அடுத்த பெருநாளும் அப்படியே போய்விடுமோ என்பதுதான் என் பயம்.

என் ஈமானில், இறைநம்பிக்கையில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்திருந்தேன். "காய்ச்சலுக்கு ஊசி போடலையா? வைத்தியம் தேடுறதும் மார்க்கந்தான். கெளம்புப்பா" என்று அசரத்தே கூட்டிவந்தார்.

"எத்தனை தடவை கழுவணும்?" என்று டாக்டர் அவரிடம் கேட்டார்.

"மூணு. அதுக்கு மேல வர்ற சந்தேகம் வஸ்வாஸு. சைத்தான் ஊதுறது. கண்டுக்கவே கூடாது."

"நானும் அதையேதான் சொல்லப்போறேன். மாத்திரை படபடப்பைக் குறைக்கும். கண்டுக்காம எந்திரிக்க இவர்தான் பழகணும். எப்படின்னு செஞ்சு காட்டுங்களேன்."

பின்பக்கக் குழாயடிக்குப் போனோம். ஒரே சொம்புத் தண்ணீரில் அசரத் முடித்துவிட்டார். எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"அசரத்து, இடது முழங்கை நனைஞ்சுச்சா?"

"அல்லாவே! அசரத்தையும் விட்டுவைக்கலையா மச்சான்?" என்றாள் வீட்டுக்காரி.

அசரத் மெல்ல முழங்கையைத் திருப்பிப் பார்க்கப் போனார்.

"என்ன, உங்களுக்கும் ஒட்டிக்கிருச்சா?" என்றார் டாக்டர்.

அசரத் சிரித்துவிட்டார். பார்க்காமலே சட்டைக்கையை இறக்கிவிட்டார். "சந்தேகம் வந்துச்சு. வந்தது வந்துட்டுப் போகட்டும்."

அவருக்கும் வருமா! நானும் ஒரு சொம்பில் முடித்து, கண்ணை மூடிக்கொண்டு சட்டைக்கையை இறக்கினேன். ஊர் திரும்பும் பஸ் சின்னமனூர் தாண்டும்வரை நெஞ்சு அடித்துக்கொண்டது. அப்புறம் எப்போது அடங்கியதோ தெரியாது. பார்த்தால், பிள்ளைகளுக்கு வாங்கிய திராட்சையில் பாதியைத் தின்றிருக்கிறேன்.

அதன்பிறகு தினமும் வீட்டில் பயிற்சி. நான் தயங்கினால் அடுப்படியிலிருந்தே குரல் வரும்: "அசரத்தே சொல்லிட்டாகள்ல, கைய எறக்குங்க!" சில நாள் தோற்றேன். ஆனால் அடுத்து வந்த பெருநாளில் முதல் வரிசையில் நின்றேன்.

பிரியாணியோடு டாக்டரைப் பார்க்கப் போனேன். ஃபீஸை எண்ணாமல் கொடுக்கச் சொன்னார். கொடுத்தேன். அவர் எண்ணிப் பார்த்து, "பத்து ரூபா குறையுதே" என்றார். பதறிப்போய்ப் பையில் கைவிட்டேன்.

"எடுக்காதீங்க. பாக்கி இருக்கட்டும். அதுவும் மருந்துதான்."

இன்றுவரை அவருக்கு நான் தரவேண்டியது பத்து ரூபாய்.